கூழாகும் வழியும் கரையும் வழியும்: திசுப் பொறியியலுக்கு எந்த இயற்கை ஹைட்ரோஜெல்?

முதுகலைத் திட்டத்துக்காகவோ முனைவர் பட்டத்துக்காகவோ முதன்முறையாகச் செல்களை முப்பரிமாணத்தில் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். குடுவையின் அடியில் தட்டையாக வளரும் செல்கள் கையில் இருக்கின்றன. அவற்றைத் தாங்குவதற்கு நீர் நிறைந்த மென்கூழ் ஒன்று, அதாவது ஹைட்ரோஜெல், வேண்டும். அது ஆல்ஜினேட்டா, கொலாஜனா, ஜெலட்டினா, ஃபைப்ரினா, ஹயலுரோனிக் அமிலமா, கைட்டோசானா என்பதுதான் தெரியவில்லை. எடுத்துப் படிக்கும் ஆய்வுக் கட்டுரை ஒவ்வொன்றும் தான் கையாண்ட பொருளையே உயர்த்திப் பேசுகிறது. ஆறு பொருள்களுக்குமே 'உயிரொவ்வும் தன்மை உடையது' என்ற பட்டம் தவறாமல் சூட்டப்படுவதால், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எதையும் தேர்ந்தெடுக்க முடிவதில்லை.

இந்தத் தேர்வில் வழக்கமாகக் கடைசியில் கேட்கப்படும் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கூழ் எப்படி உருவாகிறது என்பதை எல்லோரும் கவனிக்கிறார்கள், ஏனெனில் அது முதல் ஒரு மணி நேரத்திலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அது எப்படி மறையும், அதை யார் கரைப்பார்கள், கரைந்த துண்டுகள் எங்கே போகும் என்பவை இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் தெரியவருகின்றன; அதற்குள் செல்களும் பணமும் பாதி செலவாகியிருக்கும்.

## முதலில் அளவுகோல்கள்

முதல் அளவுகோல் பிடிமானம். நம் உடலின் பெரும்பாலான செல்கள் தம் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்னும் புரதங்களால் சுற்றியுள்ள பொருளைப் பற்றிக்கொண்டுதான் உயிர்வாழ்கின்றன. அர்ஜினின், கிளைசின், ஆஸ்பார்ட்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்களின் வரிசை, ஆய்வகப் பேச்சில் 'ஆர்ஜிடி', இத்தகைய பிடிகளில் மிகவும் அறியப்பட்டது. தோலில் இணைப்புத் திசுவை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்கும் இரத்தக்குழாயின் உட்புறச் செல்களுக்கும் பிடி இல்லாவிட்டால் அவை உருண்டு, பிறகு இறந்துபோகும். குருத்தெலும்புச் செல்களின் கதை இதற்கு நேர்மாறு: தட்டையான பரப்பைப் பற்றிப் படர்ந்தால் அவை தம் இயல்பை இழந்துவிடும். அப்படி இயல்பிழந்த செல்களை அகரோஸ் கூழுக்குள் உருண்டையாக இருக்கவிட்டால் மீண்டும் குருத்தெலும்புக்குரிய கொலாஜனைச் சுரக்கின்றன என்பதை பென்யாவும் ஷாஃபரும் 1982-இல் காட்டினார்கள். ஆகவே பிடிமானமின்மை எப்போதும் குறையாகிவிடாது. யாருக்குப் பிடி என்பதைப் பொறுத்தது அது.

இரண்டாவது, கூழாகும் முறை. வெப்பம், அமிலத்தன்மை, அயனி, நொதி, ஒளி ஆகியவற்றுள் ஏதோ ஒன்று திரவத்தைக் கூழாக்குகிறது. அந்தத் தூண்டுதல் செல்களைக் கொல்லாததாக இருக்க வேண்டும். செல்களைக் கலந்து வார்த்து முடிக்கும்வரை கைக்கு அவகாசமும் தர வேண்டும்.

மூன்றாவது, விறைப்பு. எங்லர், டிஷர் முதலியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மூளைத் திசுவைப் போல் 0.1 முதல் 1 கிலோபாஸ்கல் வரை மென்மையான பரப்பில் மெசன்கைமல் குருத்தணுக்கள் (பலவகைச் செல்களாக மாறக்கூடிய மூலச்செல்கள்) நரம்புச் செல்களின் சாயலையும், 8 முதல் 17 கிலோபாஸ்கலில் தசையின் சாயலையும், 25 முதல் 40 கிலோபாஸ்கலில் எலும்பின் சாயலையும் கொண்டன. அது பாலிஅக்ரிலமைடு கூழின் மேற்பரப்பில் செய்த சோதனை. இயற்கைப் பலபடிக்குள், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருளுக்குள், புதைந்த செல்களுக்கு அதே எண்களை அப்படியே பொருத்தக் கூடாது. ஆயினும் விறைப்பை அளக்காமல் தேர்வு செய்வது இனி இயலாது என்ற நிலையை அந்த ஆய்வு உருவாக்கிவிட்டது.

நான்காவது, கரையும் முறை. இதைத்தான் மேலே வலியுறுத்தினேன். ஐந்தாவது, ஒரு பேட்ச் போலவே அடுத்த பேட்சும் இருக்குமா என்பது. பாசியிலிருந்தும் தோலிலிருந்தும் ஓட்டிலிருந்தும் வரும் பொருள்கள் பருவத்தையும் விலங்கின் வயதையும் பிரித்தெடுத்த முறையையும் ஒட்டி மாறிக்கொண்டே இருக்கும். ஆறாவது செலவு, அதில் புட்டியின் விலை ஒரு பகுதி மட்டுமே.

ஆக்சிஜன் ஊடுருவும் தொலைவை நான் அளவுகோலாகச் சேர்க்கவில்லை. செல்கள் அடர்ந்த கூழுக்குள் ஆக்சிஜன் ஏறத்தாழ 100 முதல் 200 மைக்ரோமீட்டர் வரையே போதிய அளவில் செல்லும் என்பது எல்லாப் பலபடிகளுக்கும் பொதுவான தடை. அரை சென்டிமீட்டர் தடிப்பில் கூழ் வார்த்துவிட்டு நடுவிலுள்ள செல்கள் இறந்ததற்குப் பலபடியைக் குறை சொல்வதில் பயனில்லை.

## ஒரே பார்வையில்

| பொருள் | செல் பிடிமானம் | கூழாக்குவது | கரைப்பது | முதலில் தாக்கும் மறைசெலவு |
|---|---|---|---|---|
| ஆல்ஜினேட் | இல்லை; ஆர்ஜிடி பிணைத்தால் உண்டு | கால்சியம் அயனி | கால்சியம் வெளியேறுதல்; மனித நொதி எதுவும் இல்லை | தூய்மையாக்கல் |
| கொலாஜன் | மிக நன்று | 37 டிகிரி செல்சியஸ், நடுநிலைப் பி.எச். | கொலாஜனேஸ் வகை நொதிகள் | சுருக்கம், பேட்ச் மாறுபாடு |
| ஜெல்மா (வேதிமாற்றம் செய்த ஜெலட்டின்) | நன்று | ஒளியும் ஒளிதூண்டியும் | கொலாஜனேஸ் வகை நொதிகள் | மாற்றீட்டு அளவைச் சோதித்தல், ஒளிக்கருவி |
| ஃபைப்ரின் | மிக நன்று | திராம்பின் | பிளாஸ்மின் | கரைவதைத் தடுக்கும் மருந்து |
| ஹயலுரோனிக் அமிலம் | இன்டெக்ரின் பிடி இல்லை. சிடி44 என்னும் செல்புரதம் வழி உண்டு | வேதிமாற்றம் தேவை | ஹயலுரோனிடேஸ் | வேதிமாற்றச் செலவு |
| கைட்டோசான் | ஓரளவு | பி.எச். உயர்வு, வெப்பம் | லைசோசைம், மெதுவாக | அமிலக் கரைசலைச் சமன்செய்தல் |

அட்டவணை ஒவ்வொரு பொருளையும் ஒரு வரிக்குள் அடக்கிவிடுகிறது. அந்த ஒரு வரி ஏமாற்றும் இடங்கள் பல.

## ஆல்ஜினேட்

பழுப்புக் கடற்பாசியின் செல்சுவரிலிருந்து கிடைக்கும் சர்க்கரைச் சங்கிலி இது. குலுரோனிக், மன்னுரோனிக் என்ற இரு அமில அலகுகள் கலந்து அமைந்த இச்சங்கிலியில், குலுரோனிக் அலகுகள் தொடர்ச்சியாக வரும் இடங்களில் குழிகள் உண்டாகின்றன; முட்டை அட்டையின் குழிகளில் முட்டைகள் அமர்வதைப் போல, இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே கால்சியம் அயனிகள் அமர்ந்து அவற்றைப் பிணைத்துவிடுகின்றன. 1973-இல் முன்வைக்கப்பட்ட இந்த விளக்கத்துக்கு 'முட்டைப்பெட்டி மாதிரி' என்றே பெயர். குலுரோனிக் மிகுந்த ஆல்ஜினேட் விறைப்பாகவும் நொறுங்கும் தன்மையோடும் இருக்கும். மன்னுரோனிக் மிகுந்தது மென்மையாக இருக்கும். எனவே புட்டி வாங்கும்போது இந்த விகிதத்தைக் கேட்டுப் பெறாதவர், அரிசியின் ரகம் தெரியாமல் உலை வைத்தவரைப் போன்றவர்.

கையாள்வதற்கு இதைவிட எளிய கூழ் இல்லை. 1 முதல் 2 சதவீதக் கரைசலில் செல்களைக் கலந்து, ஊசிமுனையிலிருந்து கால்சியம் குளோரைடு கரைசலுக்குள் சொட்டவிட்டால் சில நிமிடங்களில் மணிகள் தயார். வெப்பமும் வேண்டாம், ஒளியும் வேண்டாம். ஆனால் சொட்டின் வெளிப்புறம் முந்திக்கொண்டு இறுகுவதால் உள்ளும் புறமும் ஒரே அடர்த்தியில் அமையாது. சீரான கூழ் வேண்டுமானால் கரையாத கால்சியம் கார்பனேட் தூளையும் மெல்ல அமிலமாகும் குளுக்கோனோ டெல்டா லாக்டோனையும் சேர்த்து, கால்சியத்தைச் சிறிது சிறிதாக விடுவிக்க வேண்டும்.

இதன் சிக்கல் முழுவதும் கரையும் இடத்தில் இருக்கிறது. ஆல்ஜினேட் சங்கிலியை வெட்டும் நொதி மனித உடலில் இல்லை. வளர்ப்பு ஊடகத்திலுள்ள சோடியமும் பாஸ்பேட்டும் கால்சியத்தை மெல்ல மெல்லப் பறிப்பதால் கூழ் தளர்கிறது. அந்தத் தளர்ச்சியை செல் தீர்மானிப்பதில்லை, ஊடகத்தின் வேதியியல் தீர்மானிக்கிறது. பாஸ்பேட் தாங்கல் கரைசலால் மணிகளைக் கழுவிவிட்டு, அடுத்த நாள் அவை ஏன் வீங்கின என்று திகைப்பது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் தவறு. உடலுக்குள் வைத்தாலோ, கால்சியம் நீங்கிப் பிரிந்த சங்கிலிகள் நீளமாக இருக்கும்வரை சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கடக்க முடியாமல் தங்கிவிடுகின்றன. சங்கிலியை முன்கூட்டியே ஓரளவு ஆக்சிஜனேற்றம் செய்து நீரால் சிதையும்படி ஆக்குவது இதற்கு ஒரு மாற்று. அது ஒரு வேதியியல் படியைக் கூட்டுகிறது.

கரையாமை சில வேளைகளில் பெரும் நன்மையாகும். லிம், சன் இருவரும் 1980-இல் கணையத் தீவுச் செல்களை ஆல்ஜினேட் நுண்ணுறைகளுக்குள் அடைத்து, நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்குள் வைத்தபோது, ஒரே முறை வைத்த உறைகள் இரண்டு மூன்று வாரங்கள் அந்நோயைச் சரிசெய்தன. அங்கே செல் வெளியே வரக் கூடாது, நோயெதிர்ப்புச் செல் உள்ளே போகக் கூடாது. பிடிமானமோ சிதைவோ இல்லாத வேலியே அதற்குத் தேவை. செல்களைத் திரும்ப எடுக்கவேண்டிய சோதனைகளிலும் ஆல்ஜினேட்டுக்கு இணை இல்லை: கால்சியத்தைப் பறிக்கும் சிட்ரேட் அல்லது ஈ.டி.டி.ஏ. கரைசலில் சில நிமிடங்கள் வைத்தால் கூழ் கரைந்து, செல்கள் நொதியின் கடி படாமல் கிடைக்கும்.

மறைசெலவு பாசியிலேயே ஒளிந்திருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்தை ஒட்டிய கடற்கரையில் சேகரிக்கப்படும் சர்காசம், டர்பினேரியா பாசிகள் நெடுங்காலமாக ஆல்ஜினேட் ஆலைகளுக்குப் போகின்றன. உள்ளூரிலேயே கிடைக்கும்போது வெளிநாட்டுப் புட்டி எதற்கு என்று கேட்பது நியாயம்தான். துணி அச்சுக்கும் உணவுக்கும் தயாரிக்கப்படும் ஆல்ஜினேட்டில் பாலிஃபினால்களும், எண்டோடாக்சின் என்னும் பாக்டீரியா நச்சும், புரத எச்சங்களும் கலந்திருக்கும். செல் சொட்டுப் பழகுவதற்கும் அச்சுக்கருவியைச் சீரமைப்பதற்கும் அது போதுமானது. அதற்காக மீத்தூய ரகத்தைச் செலவழிப்பதே வீண். செல்லின் அழற்சி எதிர்வினையை அளக்கும் சோதனைக்கு மட்டும் அதைத் தொடக் கூடாது, ஏனெனில் அளப்பது செல்லின் இயல்பையா பாசியின் அழுக்கையா என்பதைப் பிரித்தறிய வழியிருக்காது.

## கொலாஜன்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இலும் 1955-இலும் வெளியிட்ட கட்டுரைகள் இந்தப் புரதத்தின் முப்புரி வடிவத்தை உலகுக்குக் காட்டின. மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்ற அந்த அமைப்பே கூழாகும் முறைக்கும் காரணம்: குளிர்ந்த, அமிலத்தன்மையுள்ள கரைசலில் தனித்தனியாக மிதக்கும் மூலக்கூறுகள், பி.எச். நடுநிலைக்கு வந்து வெப்பம் 37 டிகிரியை எட்டும்போது தாமாகவே ஒன்றன் பக்கத்தில் ஒன்று அடுக்கிக்கொண்டு நுண்ணிழைகளாகி, அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வலையாகின்றன. குறுக்குப்பிணைக்கும் வேதிப்பொருள் எதையும் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. செல்லுக்குப் பிடி இயல்பாகவே இருக்கிறது. செல் தானே சுரக்கும் நொதிகளால் வெட்டி வழி அமைத்துக்கொண்டு நகரவும் முடிகிறது. கரையும் முறையைச் செல்லின் கையிலேயே ஒப்படைக்கும் பொருள் என்ற வகையில், ஆல்ஜினேட்டுக்கு எதிர்முனையில் இது நிற்கிறது.

இதற்குக் கொடுக்கும் விலை மென்மை. மில்லிலிட்டருக்கு 1.5 முதல் 3 மில்லிகிராம் என்ற வழக்கமான செறிவில் இதன் விறைப்பு பெரும்பாலும் ஒரு கிலோபாஸ்கலைக்கூட எட்டாது. ஃபைப்ரோபிளாஸ்ட்களை உள்ளே வைத்தால் அவை இழைகளைப் பற்றி இழுத்துக் கூழையே சுருக்கிவிடும். யூஜின் பெல் குழுவினர் 1979-இல் வெளியிட்ட கட்டுரையில், 24 மணி நேரத்தில் கூழின் பரப்பு தொடக்கத்தில் இருந்ததில் 28-இல் ஒரு பங்காகச் சுருங்கக்கூடும் என்று பதிவு செய்தார்கள். இதைப் பார்த்துச் சோதனை தோற்றுவிட்டது என்று தட்டை வீசிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெல்லோ அந்தச் சுருக்கத்தையே தோலை ஒத்த திசு உருவாவதாகக் கண்டார். மாட்டுக் கொலாஜனுக்குள் மனித ஃபைப்ரோபிளாஸ்ட்களை வைத்து மேலே தோல்செல்களை அடுக்கிய ஆப்லிகிராஃப் 1998-இல் அமெரிக்க ஒப்புதலைப் பெற்றது. அளவு மாறாத வடிவம் வேண்டும் என்பவர்களுக்கே சுருக்கம் இழப்பு. அவர்கள் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் வளையம் ஒன்றைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புதியவர்கள் இடறும் வேறு இரண்டு இடங்களும் உண்டு. கூழாக அரைமணி நேரம் எடுப்பதால், அதற்குள் செல்கள் எடையால் அடியில் படிந்துவிடும். முதல் பத்து நிமிடங்களில் தட்டைச் சிலமுறை திருப்பி வைக்காவிட்டால் முப்பரிமாண வளர்ப்பு என்ற பெயரில் தட்டையான வளர்ப்பே கிடைக்கும். அடுத்து, புட்டிக்குப் புட்டி செறிவு மாறுவதால் நடுநிலையாக்கும் கணக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். பெப்சின் நொதியால் முனைகள் நீக்கப்பட்ட அட்டெலோகொலாஜன் நோயெதிர்ப்பைக் குறைவாகத் தூண்டும் என்பதற்காக விரும்பப்படுகிறது. ஆனால் அந்த முனைகளே அடுக்குதலை விரைவுபடுத்துபவை என்பதால், அது கூழாக இன்னும் நேரம் பிடிக்கும்.

எலிவால், மாட்டுத்தோல், பன்றித்தோல் ஆகியவையே முதன்மையான மூலங்கள். நோயாளியிடம் போய்ச் சேரவேண்டிய பொருள் என்றால், விலங்கு நோய்கள் பற்றிய ஆவணங்களும் நோயாளியின் சமய உணர்வும் தொடக்கத்திலேயே கணக்கில் வர வேண்டும். பின்னால் மூலத்தை மாற்றினால் எல்லாச் சோதனைகளையும் மறுபடி செய்யவேண்டியிருக்கும். மீன்தோல் கொலாஜன் இந்தத் தடைகளைத் தாண்டுவதாகத் தோன்றினாலும், குளிர்நீர் மீன்களின் முப்புரி நம் உடல் வெப்பத்துக்கு வெகு கீழேயே அவிழ்ந்துவிடும்.

## ஜெலட்டினும் ஜெல்மாவும்

ஆட்டுக்கால் சூப்பை இரவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காலையில் திறந்தவர்களுக்கு ஜெலட்டினைப் பற்றித் தனியாக விளக்க வேண்டியதில்லை. கொதியில் கொலாஜனின் முப்புரி அவிழ்ந்து ஜெலட்டினாகிறது, குளிரில் உறைகிறது, அடுப்பில் வைத்தவுடன் உருகுகிறது. இந்தக் கூழ் உருகும் வெப்பநிலை உடல் வெப்பத்துக்குக் கீழே இருப்பதால், வெறும் ஜெலட்டின் இன்குபேட்டருக்குள் போன கொஞ்ச நேரத்தில் தண்ணீராகிவிடும்.

அந்தக் குறையைத் தீர்க்கவே ஜெலட்டினோடு மெதக்ரிலாயில் குழுக்களைப் பிணைத்த ஜெல்மா வந்தது. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகக் குழு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. ஒளி பட்டதும் பிணைப்பைத் தொடங்கிவைக்கும் ஒளிதூண்டியைச் சேர்த்து ஒளி காட்டினால் குறுக்குப்பிணைப்புகள் நிலையாக உண்டாகின்றன. பிடியும் இருக்கிறது, செல்லின் நொதிகளால் வெட்டப்படும் இடங்களும் இருக்கின்றன, செறிவையும் ஒளியளவையும் மாற்றிச் சில கிலோபாஸ்கல் முதல் சில பத்து கிலோபாஸ்கல் வரை விறைப்பைத் திருத்தவும் முடிகிறது. ஒரே பொருளை வைத்துக்கொண்டு விறைப்பை மட்டும் மாற்றி ஒப்பிடவேண்டிய ஆய்வுக்கு, இயற்கைப் பலபடிகளில் இதுவே என் முதல் பரிந்துரை.

அந்தச் சுதந்திரத்தின் செலவு அளவீட்டில் வருகிறது. எத்தனை சதவீத அமின் குழுக்கள் மாற்றப்பட்டன என்பது பேட்சுக்குப் பேட்ச் மாறும். ஆய்வகத்திலேயே தயாரிப்பவர்கள் பல நாள் டயாலிசிசும் உறைவுலர்த்தலும் முடித்த பிறகு, என்.எம்.ஆர். போன்ற கருவியால் அதைச் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காத ஜெல்மாவின் விறைப்பு எண் எதையும் நான் நம்புவதில்லை. ஒளிதூண்டியிலும் கவனம் வேண்டும்: பழைய இர்காக்யூர் 2959 என்பதற்கு 365 நானோமீட்டர் புற ஊதா ஒளி தேவைப்படும், எல்.ஏ.பி. எனப்படும் லித்தியம் உப்பு 405 நானோமீட்டர் ஊதா ஒளியிலேயே வேலை செய்வதால் செல்லுக்குத் தீங்கு குறைவு. ஆனால் ஒளிக்கருவி வாங்கிய பிறகு தூண்டியை மாற்றினால் கருவியையும் மாற்றவேண்டி வரும். பன்றித்தோல் ஜெலட்டினோடு எண்டோடாக்சினும் கணிசமாக வருவதுண்டு என்பதால் தாழ்-எண்டோடாக்சின் ரகத்தின் விலையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வெறும் ஜெலட்டின் உருகிவிடும் குறையையே கருவியாக மாற்றியவர்களும் இருக்கிறார்கள். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகக் குழு ஜெலட்டின் துகள்குழம்புக்குள் மென்மையான கொலாஜனை அச்சிட்டு, பிறகு 37 டிகிரிக்குச் சூடேற்றி ஜெலட்டினை உருக்கி அகற்றி, இதயத்தின் பகுதிகளை 2019-இல் உருவாக்கிக் காட்டியது. தானாகத் தாங்க முடியாத கொலாஜனை அச்சிட நினைப்பவர், அதன் செறிவை ஏற்றுவதற்கு முன் இந்த வழியைப் பார்க்கலாம்.

## ஃபைப்ரின்

காயத்தில் உறையும் இரத்தத்தின் வலையே இது. ஃபைப்ரினோஜனோடு திராம்பின் சேர்ந்தால் சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் கூழாகிவிடும். திராம்பினைக் கூட்டினால் மெல்லிய இழைகள் நெருக்கமாகவும், குறைத்தால் தடித்த இழைகள் இடைவெளியோடும் அமையும். ஓர் இழை தன் நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் அறுபடாமல் நீளக்கூடியது. இரத்தக்குழாய்ச் செல்கள் இதற்குள் முளைவிடுவதைப்போல் வேறெந்தக் கூழிலும் எளிதாக முளைவிடுவதில்லை, ஏனெனில் ஆறும் காயத்தில் அவை நாள்தோறும் செய்யும் வேலையே அது.

காயம் ஆறியதும் இரத்தக்கட்டி கரைவதும் இயல்பு என்பதால், இங்கே கரைவது மிக விரைவு. ஃபைப்ரினை வெட்டும் நொதியான பிளாஸ்மினைச் செல்கள் தூண்டிவிட, கூழ் சில நாள்களிலேயே காணாமல் போகலாம். அப்ரோட்டினினோ அமினோகாப்ராயிக் அமிலமோ சேர்த்துத் தாமதப்படுத்தலாம். ஒவ்வொரு முறை ஊடகத்தை மாற்றும்போதும் அதைச் சேர்க்கும் செலவும், அந்த மருந்து செல்லின் இயல்பை மாற்றுகிறதா என்று பார்க்கும் கட்டுப்பாட்டுச் சோதனையும் பின்தொடரும். நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்தே தயாரிக்க முடியும் என்பதும், ஃபைப்ரின் பசை அறுவைக் கூடங்களில் நெடுங்காலப் பழக்கத்தில் இருப்பதும் மருத்துவமனையை நோக்கிச் செல்லும் திட்டங்களுக்கு வலுவான காரணங்கள். மூன்று வாரத்துக்கு மேல் வடிவம் நிற்க வேண்டுமென்றால் இதைத் தனியாக நம்ப வேண்டாம்.

## ஹயலுரோனிக் அமிலம், கைட்டோசான்

மாட்டுக் கண்ணின் விழிக்கூழிலிருந்து மேயரும் பால்மரும் 1934-இல் பிரித்தெடுத்த ஹயலுரோனிக் அமிலம் இன்று பெரும்பாலும் பாக்டீரியா நொதித்தலால் கிடைப்பதால், விலங்கு மூலச் சிக்கல் இல்லை. பேட்ச் ஒற்றுமையும் மேல். ஆனால் அது பிசுபிசுப்பான கரைசல் மட்டுமே. தயோல் அல்லது மெதக்ரிலேட் குழுக்களைப் பிணைக்காமல் நிலையான கூழாகாது. மூலக்கூறின் நீளமும் ஒரு செய்தி: நீண்ட சங்கிலி அழற்சியைத் தணிக்கவும், நொறுங்கிய சிறு துண்டுகள் அழற்சியைத் தூண்டவும் கூடியவை. கரைந்த துண்டுகள் எங்கே போகின்றன என்று கேட்கச் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. குருத்தெலும்புக்கும் மூளைத் திசுவுக்கும் பொருத்தம் உண்டு. வேதியியலாளர் ஒருவர் பக்கத்தில் இல்லாத ஆய்வகத்துக்கு முதல் கூழாக இது வேண்டாம்.

கைட்டோசான் இறால், நண்டு ஓடுகளிலிருந்து வருகிறது. மூலப்பொருள் மலிவு, கதையும் கவர்ச்சி. அது நடுநிலைப் பி.எச்.இல் கரையாது, அமிலத்தில்தான் கரையும் என்பதால் செல்லைக் கலக்கும் தருணம் கத்திமேல் நடப்பது போன்றது. பீட்டா-கிளிசரோபாஸ்பேட் சேர்த்து, அறை வெப்பத்தில் திரவமாகவும் உடல் வெப்பத்தில் கூழாகவும் மாறும் வடிவம் 2000-இல் வெளியானபின் நிலைமை சற்று இலகுவாயிற்று. ஆயினும் ஓட்டின் கைட்டினைக் கைட்டோசானாக்கும் அசெட்டில் நீக்கத்தின் அளவு மாறினால் கரைதலும் சிதைவும் சேர்ந்து மாறும். குருதியை நிறுத்தும் கட்டுத்துணிகளில் இது நன்றாகப் பயன்படுகிறது. செல்லை உள்ளே வைத்து வளர்ப்பதே நோக்கமானால், ஆல்ஜினேட், கொலாஜன், ஜெல்மா, ஃபைப்ரின் ஆகிய நான்கையும் தாண்டி இதை எடுக்கச் சிறப்புக் காரணம் வேண்டும்.

பட்டியலில் மேட்ரிஜெல் என்னும் பரவலாக விற்கப்படும் கூழ் ஏன் இல்லை என்று சிலர் கேட்பார்கள். 2009-இல் குடல் ஆர்கனாய்டுகளை, அதாவது உறுப்பை ஒத்த நுண்ணிய செல்திரள்களை, வளர்த்ததிலிருந்து அந்தத் துறை அதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் அது எலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்படும், உள்ளடக்கம் முழுதும் வரையறுக்கப்படாத கலவை. மனித உடலுக்குள் போகவேண்டிய எதற்கும் அது தேர்வாக முடியாது.

## விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள்

நுண்ணுயிர் நீக்கம் முதலாவது. ஆட்டோகிளேவ் என்னும் உயரழுத்த நீராவிக் கருவியில் வைத்தால் ஆல்ஜினேட்டின் சங்கிலிகள் அறுந்து விறைப்பு குறையும், 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டி கெட்டியான கரைசலில் அடைத்துக்கொள்ளும். நீர்த்த நிலையில் வடிகட்டி உறைவுலர்த்துவது பாதுகாப்பான வழி. அதற்கு உலர்த்தியும் நாள்களும் வேண்டும். இரண்டாவது எண்டோடாக்சின் சோதனை. மருத்துவச் சாதனம் ஒன்றுக்கு அமெரிக்க வரம்பு 20 அலகுகள். மூளைத் தண்டுவட நீரைத் தொடுவதற்கு 2.15 அலகுகள்தான். நரம்புத் திசுவை நோக்கிய திட்டமென்றால் மலிவான பாசியும் மலிவான ஜெலட்டினும் தொடக்கத்திலேயே விலகிவிடும்.

மூன்றாவதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை: முடிவை அளக்கும் செலவு. உயிருள்ள செல்களை நிறத்தால் அளக்கும் எம்.டி.டி. சோதனையின் நிறப்படிகம் கூழுக்குள் சிக்கிக்கொள்ளும், ஆர்.என்.ஏ. பிரிக்கும்போது சர்க்கரைச் சங்கிலிகளும் கூடவே வந்து தொல்லை தரும். கொலாஜனிலிருந்து செல்லை மீட்கப் பயன்படும் நொதி செல்லின் மேற்பரப்புப் புரதங்களையும் கொஞ்சம் தின்றுவிடும். தட்டையான வளர்ப்பில் ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலை இங்கே ஒரு நாளாகும்.

## எந்த வேலைக்கு எது

தோலும் இணைப்புத் திசுவும் என்றால் கொலாஜனையே எடுங்கள். சுருக்கத்தை முன்கூட்டியே அளந்துவையுங்கள். குருத்தெலும்புச் செல்லைச் சில வாரம் உருண்டையாகக் காத்து, பிறகு மீட்டுப் பார்க்க வேண்டுமானால் ஆல்ஜினேட். சுரப்புச் செல்லை வேலிக்குள் வைப்பதற்கும் அதுவே. இரத்தக்குழாய் முளைப்பதைப் பார்க்க ஃபைப்ரின். விறைப்பின் தாக்கத்தை ஆராயவும், செல்லோடு சேர்த்து அச்சிடவும் ஜெல்மா. எலும்பு ஒன்றுக்குத்தான் நான் தயங்குகிறேன்: ஆர்ஜிடி பிணைத்த ஆல்ஜினேட்டும், கனிமம் கலந்த ஜெல்மாவும் இரண்டுமே நியாயமான தேர்வுகள், உங்கள் ஆய்வகத்தில் ஏற்கெனவே இருப்பது வேதியியல் கையா, ஒளிக்கருவியா என்பதே அங்கே முடிவு செய்யும்.

இரண்டைக் கலந்தால் இரண்டின் நன்மையும் சேரும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஆல்ஜினேட்டும் ஜெலட்டினும் கலந்த அச்சுக்கூழ் பரவலாகப் பயன்படுவதும் உண்மை: ஜெலட்டின் அச்சிடும்போது வடிவம் தருகிறது, ஆல்ஜினேட் கால்சியத்தால் இறுகி அதைக் காக்கிறது. ஆனால் 37 டிகிரியில் அந்த ஜெலட்டின் உருகி ஊடகத்துக்குள் கசிந்துவிடுவதால், ஒரு வாரத்துக்குப் பின் செல்லுக்கு எஞ்சுவது பிடியில்லாத ஆல்ஜினேட்தான். ஒவ்வொன்றையும் தனியாகப் புரிந்துகொள்ளாமல் கலவைக்குப் போகிறவர், எது தவறியது என்று பிரித்துச் சொல்ல முடியாத இடத்தில் போய் நிற்பார்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், செல்லைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். அதற்குத் தராசும் இன்குபேட்டரும் போதும். செல் இல்லாமல், தேர்ந்தெடுத்த பொருளிலேயே ஆறு கூழ்களை வார்த்து, பயன்படுத்தப்போகும் அதே ஊடகத்தில், அதே இடைவெளியில் ஊடகத்தை மாற்றிக்கொண்டு, உங்கள் சோதனை எத்தனை நாளோ அத்தனை நாள் வைத்திருங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஈரத்தை ஒற்றி எடுத்து எடை போட்டு எழுதுங்கள். ஆல்ஜினேட் வீங்குவதும் ஜெலட்டின் கலவை மெலிவதும் அந்த எண்களிலேயே தெரிந்துவிடும். கொலாஜனும் ஃபைப்ரினும் அசையாமல் நின்றால், செல் வந்த பிறகு அவை இழக்கும் எடை செல்லின் வேலை என்று கொள்வதற்கு உங்களிடம் ஒப்பிட ஓர் அடிப்படை அளவு இருக்கும்.